விலகி வந்த உடன்படிக்கையில் மீண்டும் சேரலாமா?
தருமபுரி ஜில்லாவின் நிலையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

2019-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 4-ந் தேதியன்று பாங்காக் நகரில் கூடிய மகாநாட்டில், நமது பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி, பதினைந்து தேசங்களின் தலைவர்கள் முன்னிலையில், ஆசிய பசிபிக் வட்டாரத்தின் மாபெரும் வர்த்தக உடன்படிக்கையில் பாரத தேசம் சேராது என்று அறிவித்தார். ஏழு வருஷ காலம் பேச்சு நடத்திய பின்னர் மேஜையை விட்டு எழுந்து வந்த தேசம் நம்முடையது ஒன்றே. காந்தியடிகள் நமக்கு விட்டுச் சென்ற அளவுகோலும் தம்முடைய மனச்சாட்சியும் அவ்வுடன்படிக்கையில் சேர இடம் கொடுக்கவில்லை என்று அவர் அன்று காரணம் கூறினார். எந்தக் காரியத்தைத் தொடங்கும் முன்னும், நாம் கண்டவர்களுள் மிகவும் ஏழையான ஒருவனை நினைத்துக் கொண்டு, இதனால் அவனுக்கு என்ன நன்மை என்று கேட்க வேண்டும் என்பதே அவ்வளவுகோல்.

முடிவு சொல்லப்பட்டு வருஷங்கள் சென்றுவிட்டன. ஆயினும் கேள்வி தீர்ந்தபாடில்லை. 2024-ஆம் வருஷம் செப்டம்பரில் உலக பாங்கி, பாரதம் தனது முடிவை மறுபரிசீலனை செய்யலாம் என்ற கருத்தை வெளியிட்டது. வர்த்தக மந்திரி ஸ்ரீ பியூஷ் கோயல் அதை மறுத்தார். அதே வருஷம் நவம்பரில் நிதி ஆயோக்கின் தலைமை நிர்வாக அதிகாரி ஸ்ரீ பி. வி. ஆர். சுப்ரமணியம், நாம் இவ்வுடன்படிக்கையில் இருக்க வேண்டும் என்று பகிரங்கமாகவே பேசினார். பின்னர் 2025-ஆம் வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா நமது சரக்குகளின் மீது ஐம்பது சதவீதம் வரை சுங்கவரி விதித்தபோது, மேற்கே கதவு சாத்தப்படுமானால் கிழக்கே திறந்திருக்கும் கதவு வழியாகப் போகலாகாதா என்ற கேள்வி பலமாக எழுந்தது.

இக்கேள்விக்கு டில்லியிலும் பம்பாயிலும் பலர் பதில் எழுதி வருகின்றனர். நாம் அக்கனவான்களுடன் புள்ளிவிவரப் போர் தொடுக்கப் போவதில்லை. பிரதம மந்திரி எடுத்துக் காட்டிய அதே அளவுகோலைத் தருமபுரி ஜில்லாவுக்குக் கொண்டு வந்து வைத்து அளந்து பார்ப்போம். 2011-ஆம் வருஷ ஜனக்கணிதப்படி பதினைந்து லட்சம் ஜனங்கள் கொண்டது இந்த ஜில்லா. அவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் கிராமவாசிகள். எழுத்தறிவில் அன்று தமிழ்நாட்டு ஜில்லாக்களுள் கடைசியாக நின்றது. காவிரி தமிழ்நாட்டில் அடியெடுத்து வைப்பது இந்த ஜில்லாவின் ஒகேனக்கல்லில். ஆயினும் அந்நீர் இந்த மேட்டு நிலத்தின் பாசனத்துக்குப் பெரும்பாலும் ஏறுவதில்லை. இத்தகைய இடத்தில் நில்லாத அளவுகோல் வேறெங்கே நிற்கும்?

உடன்படிக்கை யாது?

பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டுறவு என்பது இதன் முழுப் பெயர், ஆர்.ஸி.இ.பி. என்பது சுருக்கம். 2012-ஆம் வருஷம் நவம்பரில் கம்போடியத் தலைநகரான நாம்பென்னில் பேச்சு தொடங்கிற்று. ஆஸியான் சங்கத்தின் அப்போதைய பத்துத் தேசங்களும், சீனம், ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசீலந்து, பாரதம் என்னும் ஆறும் அதில் கலந்து கொண்டன. நாம் விலகிய பிறகு மற்றப் பதினைந்து தேசங்களும் 2020-ஆம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி கையெழுத்திட்டன. 2022-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி உடன்படிக்கை அமலுக்கு வந்தது. உலக ஜனத்தொகையிலும் உலக வருமானத்திலும் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு அதனுள் அடங்கும். சுமார் இருபது வருஷ காலத்தில் சரக்கு வகைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறளவில் சுங்கவரியை நீக்குவது அதன் நோக்கம்.

சட்டக் கண்கொண்டு பார்த்தால் பாரதம் இதில் அங்கத்தினராக இருந்ததே இல்லை. ஆகையால் 'மீண்டும் சேர்தல்' என்ற சொல் முழுவதும் பொருந்தாது. 47 வருஷம் ஐரோப்பியக் கூட்டுக்குள் வாழ்ந்து, 2016-ஆம் வருஷம் ஜனவாக்கெடுப்பு நடத்தி, 2020-ஆம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி வெளியேறிய பிரிட்டனின் நிலை வேறு. நாம் வீட்டினுள் குடியேறவில்லை. திண்ணையில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்து எழுந்து வந்தோம். ஆனால் நமக்கென்று ஒரு வாயில் திறந்தே விடப்பட்டிருக்கிறது. மற்றப் புதிய தேசங்கள் உடன்படிக்கை அமலுக்கு வந்து பதினெட்டு மாதம் காத்திருந்த பிறகே விண்ணப்பிக்கலாம் என்று விதித்தவர்கள், பாரதம் மட்டும் அமலுக்கு வந்த நாள் முதலே சேரலாம் என்று விலக்களித்தார்கள். நம்மை அவர்கள் விரும்புகிறார்கள் என்பதில் ஐயமில்லை. விரும்புவது நம்மையா, நமது சந்தையையா என்பதே விசாரிக்கத்தக்கது.

சேர வேண்டும் என்போர் கட்சி

எதிர்க்கட்சியின் நியாயத்தை மறைத்து வாதிடுவது நேர்மையன்று. சேர வேண்டும் என்போர் கூறும் வாதங்களில் மூன்று கனமானவை.

முதலாவது, விலகியதால் நாம் எண்ணிய பலன் கிடைக்கவில்லை என்பது. 2018-19-இல் அந்தப் பதினைந்து தேசங்களோடு நமது வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 10,500 கோடி டாலர்; அதில் சீனத்தின் பங்கு மட்டும் சுமார் 5,300 கோடி. இப்பெரு வெள்ளத்துக்கு அஞ்சியே விலகினோம். ஆனால் 2024-25-இல் சீனத்தோடு மட்டும் நமது பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலராக ஏறியிருக்கிறது. கதவைச் சாத்தினோம்; வெள்ளமோ கூரை வழியாக இறங்கிவிட்டது என்று அவர்கள் கூறுவதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, இன்றைய கைத்தொழில் ஒரே தேசத்துக்குள் அடங்குவதில்லை என்பது. ஒரு கைப்பேசியின் உறுப்புக்கள் நான்கு தேசங்களில் செய்யப்பட்டு ஐந்தாவது தேசத்தில் கோக்கப்படுகின்றன. அந்த வரிசையில் இடம் பிடித்த தேசத்துக்கே ஆலைகள் வருகின்றன. வியத்நாம் அவ்வாறு முன்னேறியது. தருமபுரியில் சிப்காட் தொழிற்பூங்கா அமைத்து ஆலைகளை அழைக்க விரும்பும் நாம், அவ்வாலைகளுக்கு வேண்டிய உறுப்புக்களின் மீது வரி போட்டுக் கொண்டே எவ்வாறு அழைப்பது?

மூன்றாவது, வெளியே நிற்பவனுக்கு விதி செய்யும் உரிமை இல்லை என்பது. ஆசியாவின் வர்த்தக நியதிகள் நாம் இல்லாத அறையில் எழுதப்படுகின்றன. பிற்காலத்தில் சேர நேர்ந்தால், பிறர் தைத்த சட்டையை நமது உடம்புக்குப் பொருந்தாவிடினும் அணிய நேரும்.

தருமபுரியின் இளைஞர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்கிறார்கள். 2025-இல் அமெரிக்காவின் வரி உயர்ந்தபோது திருப்பூரின் ஆடைத் தொழில் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. ஒரே சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்தை அச்சம்பவம் காட்டிற்று. ஆகவே புதிய சந்தைகள் வேண்டும் என்ற வாதத்தை எவரும் அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் எந்தச் சந்தையை எந்த விலைக்குப் பெறுகிறோம் என்பதையும் உடனே கேட்க வேண்டும்.

பட்டுக்கூட்டின் கணக்கு

பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி முதலிய பகுதிகளில் முசுக்கொட்டை என்னும் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர்கள் பலர். தருமபுரியிலுள்ள அரசாங்கப் பட்டுக்கூடு அங்காடியில் அவர்களுடைய கூடுகள் ஏலம் போகின்றன. சிறு நிலமும் சிறிது கிணற்று நீரும் உள்ள குடும்பத்துக்கு இத்தொழிலைப் போல் அடிக்கடி ரொக்கம் தருவது வேறொன்றில்லை. முட்டை பொரித்து ஏறக்குறைய இருபத்தைந்து நாளில் புழு கூடு கட்டிவிடும். இடையில் நான்கு முறை தோலுரிக்கும். கடைசி வாரத்தில் அதன் பசி சொல்லி முடியாது. இராப்பகலாக இலை போட வேண்டும். ஸ்திரீகளே பெரும்பாலும் அவ்வேலையைச் செய்கிறார்கள்.

இத்தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. நெல்லையும் கேழ்வரகையும் விலை சரியில்லாவிட்டால் குதிரில் போட்டு வைக்கலாம். பட்டுக்கூட்டை அவ்வாறு வைக்க முடியாது. சில தினங்களுக்குள் விற்காவிட்டால் உள்ளேயிருக்கும் புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். துளைபட்ட கூட்டில் நெடிய நூல் எடுக்க முடியாது. ஆகவே அன்றைய ஏலத்தில் என்ன விலையோ அதுவே குடியானவனின் விதி. அந்த விலையை நிர்ணயிப்பது எது? கூட்டிலிருந்து நூல் இழுப்போர் தரக்கூடிய தொகை. அத்தொகையை நிர்ணயிப்பது எது? சீனத்திலிருந்து துறைமுகத்தில் வந்திறங்கும் கச்சாப் பட்டின் விலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க ஆறு அல்லது ஏழு கிலோ வெண்பட்டுக்கூடு வேண்டும். சுங்கவரி நீக்கத்தால் நூல் விலை கிலோவுக்கு 650 ரூபாய் இறங்குவதாக வைத்துக் கொள்வோம். நூல் இழுப்போர் அந்த நஷ்டத்தைத் தாங்காமல் கூட்டின் விலையில் தள்ளுவார்கள். கூடு கிலோவுக்குச் சுமார் 100 ரூபாய் இறங்கும். ஒரு தடவை 150 கிலோ கூடு எடுக்கும் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் நஷ்டம். வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை புழு வளர்ப்போர் மிகுதியையும் தாமே பெருக்கிக் கொள்ளலாம்.

இது வெறும் ஊகம் அன்று. 2011-ஆம் வருஷ பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வையை 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக மத்திய சர்க்கார் குறைத்தபோது கூட்டின் விலை சரிந்தது. மைசூர்ப் பிரதேசத்துக் குடியானவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2013-இல் தீர்வையை 15 சதவீதமாக உயர்த்த நேர்ந்தது. பிறகு 10-ஆகக் குறைத்து, 2021-ஆம் வருஷ பட்ஜெட்டில் மறுபடியும் 15 ஆக்கினார்கள். சீனப் பட்டின் மீது குவிப்பைத் தடுக்கும் விசேஷத் தீர்வை விதிக்கப்பட்ட காலங்களும் உண்டு. இதனிடையே நமது தேசத்தின் கச்சாப் பட்டு உற்பத்தி 2010-11-இல் சுமார் 20,400 டன்னாக இருந்தது, 2023-24-இல் சுமார் 38,900 டன்னாக உயர்ந்திருக்கிறது. தீர்வை ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல வெண்பட்டு இனங்களும், இளம்புழு வளர்ப்பு நிலையங்களும், குடியானவரின் உழைப்பும் பெருங் காரணங்கள். ஆனால் விலை சரிந்து கிடந்திருந்தால் புதிதாக மல்பெரி நடுவதற்கு எவன் துணிந்திருப்பான்?

பிழை நேர்ந்தால் இரண்டு வருஷத்துக்குள் திருத்திக் கொள்ளும் சக்தி 2013-இல் நமது கையில் இருந்தது. உடன்படிக்கையில் பட்டு நூலையும் சேர்த்துக் கையெழுத்திட்டுவிட்டால் அந்தச் சக்தி நம்மிடம் இராது. விஷயத்தின் உயிர்நிலை இதுவே.

நெசவாளியின் நியாயம்

நெசவாளியை மறந்துவிட்டுக் குடியானவனுக்காக மட்டும் வாதாடுவது பாதி நியாயமே ஆகும். காஞ்சீபுரத்திலும் ஆரணியிலும் சேலத்திலும் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கு நூல் விலை ஏறினால் வயிறு காயும். அவனும் ஏழையே. சீன நூல் ஒரே சீராக, அறுபடாமல், பாவுக்கு ஏற்றதாக இருக்கிறது என்று அவன் கூறுவதில் உண்மை உண்டு.

ஆனால் அவனுடைய நோய்க்கு மருந்து சுங்கவரியை அழிப்பதன்று. உயர்ந்த தர நூலை இங்கேயே எடுக்கும் நவீன இயந்திரங்களைக் கூட்டு விளையும் இடத்திலேயே நிறுவுவதும், கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் நெசவாளிக்கு நியாய விலையில் நூல் அளிப்பதுமே மருந்து. வரி அகன்றால், சீன நூலோடு சீனத் துணியும் சேர்ந்தே வரும். அன்று நெசவாளிக்கு மலிவான நூல் கிடைக்கும். அவன் நெய்த புடவையை வாங்குவாரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இவ்வழக்கு புதியதும் அன்று. 1933-இல் சுங்கவரி விசாரணை போர்டு பட்டுத் தொழிலை ஆராய்ந்து, சீன ஜப்பானியப் பட்டின் போட்டிக்கு எதிராகப் பாதுகாப்பு அவசியம் என்று கூறிற்று. 1934-இல் பாதுகாப்பு வரி வந்தது. அந்நிய ஆட்சிக்கும் புலப்பட்ட ஒரு நியாயத்தைச் சுயராஜ்ய சர்க்கார் மறக்கலாகாது.

பாலின் விலை

அடுத்தது பால். மழை பொய்த்த வருஷத்தில் தருமபுரிக் குடும்பத்தைக் காப்பாற்றுவது கறவை மாடே. பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒரு முறை கைக்கு வரும் பால் பணத்தைக் கொண்டே மளிகைக் கடைக் கணக்குத் தீர்கிறது. 2019-இல் பால் கூட்டுறவு ஸ்தாபனங்கள் உரத்து எதிர்த்தது இக்காரணத்தாலேயே. வலதுசாரி சுதேசி இயக்கத்தாரும், இடதுசாரி விவசாய சங்கத்தாரும், காங்கிரஸ்காரரும் ஒரே பக்கத்தில் நின்ற அபூர்வக் காட்சியைத் தேசம் அன்று கண்டது.

நியூசீலந்து தான் கறக்கும் பாலில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கைப் பிற தேசங்களுக்கு ஏற்றுமதி செய்கிறது. அதன் மொத்த உற்பத்தி நமது உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2023-24-இல் நமது உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். அவ்வளவு சிறிய தேசத்துக்கு இவ்வளவு பெரிய தேசம் அஞ்சலாமா என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். சந்தையின் இயல்பை அறியாதவர் பேச்சு அது. பாலின் கொள்முதல் விலையை நிர்ணயிப்பது மொத்த உற்பத்தி அன்று. மிச்சமாகும் பால் பவுடராகி விற்கும் விலையே. பவுடரின் விலை சரிந்த காலங்களில் தனியார் பால் கம்பெனிகள் கொள்முதலைக் குறைப்பதையும், கூட்டுறவுச் சங்கங்கள் மிகுதிப் பாலை ஏற்க முடியாமல் திணறுவதையும் நமது ஜனங்கள் கண்டிருக்கிறார்கள். இன்று பால் பவுடரின் மீது 60 சதவீதம் சுங்கவரி இருக்கிறது. அந்த அணையை உடைத்தால் வரும் நீர் கொஞ்சமேயானாலும் வயல் முழுவதும் நனையும்.

பாலை விலக்கி உடன்படிக்கை செய்ய முடியாதா என்றால், முடியும். ஆஸ்திரேலியாவோடு 2022-ஆம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி கையெழுத்தாகி, அவ்வருஷம் டிசம்பர் 29-ந் தேதி அமலுக்கு வந்த உடன்படிக்கையில் பால் பொருள்கள் சேர்க்கப்படவில்லை. பெரிய கூட்டத்தில் கேட்டுக் கிடைக்காததைத் தனியே பேசிப் பெற்றோம். இது கவனத்தில் வைக்கத்தக்க உண்மை.

கல் போகிறது, நூல் வருகிறது

இவ்வுடன்படிக்கையால் தருமபுரிக்கு வரக்கூடிய லாபத்தையும் எண்ணிப் பார்ப்போம். மாம்பழக் கூழ் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பெயர்பெற்ற சரக்கு. அதன் பெரும்பகுதி அரபு தேசங்களுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கிறது. அத்தேசங்கள் இந்தக் கூட்டில் இல்லை. பாலக்கோட்டுத் தக்காளி கடல் கடக்கும் சரக்கல்ல. புளியும் கேழ்வரகும் சிறு தானியமும் பெரும்பாலும் உள்நாட்டிலேயே செலவாகின்றன.

சீனம் நம்மிடமிருந்து ஆவலோடு வாங்குவது ஒன்று உண்டு, அது கருங்கல். இந்தப் பிரதேசத்து மலைகளைக் கட்டிகளாக அறுத்துக் கப்பலேற்றுகிறோம். மெருகேற்றும் கூலியும் லாபமும் அங்கே தங்கிவிடுகின்றன. மலை ஒரு முறை போனால் போனதுதான். மல்பெரியைப் போல் மறுபடியும் தழைப்பதில்லை. கச்சாப் பொருளைக் கொடுத்துச் செய்பொருளை வாங்கும் இந்த முறையைத் தாதாபாய் நௌரோஜி முதலிய முன்னோர்கள் எவ்வளவு வன்மையாகக் கண்டித்தார்கள் என்பதை நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. வாங்குவோன் லண்டனிலிருந்து ஷாங்காய்க்கு மாறியதனால் மட்டும் அம்முறை நன்மையாகிவிடாது.

மற்றொரு விஷயம். ஆஸியான் தேசங்களோடு 2010-ஆம் வருஷ ஜனவரி முதலும், தென் கொரியாவோடு அதே வருஷத்திலிருந்தும், ஜப்பானோடு 2011-ஆம் வருஷ ஆகஸ்ட் முதலும், ஆஸ்திரேலியாவோடு 2022 முதலும் நமக்குத் தனித்தனி உடன்படிக்கைகள் உண்டு. நியூசீலந்தோடு 2025-இல் தனிப் பேச்சு நடந்தது. ஆகவே பெரிய கூட்டில் சேருவதால் நமக்குப் புதிதாகத் திறக்கும் பெரும் வாயில் சீனம் ஒன்றே. பதினைந்து தேசங்களின் பெயரைச் சொன்னாலும், பேரம் ஒரு தேசத்தோடுதான்.

பழைய பாடங்கள்

முன்பு செய்த உடன்படிக்கைகள் நமக்குக் கற்பித்தது என்ன? ஆஸியானோடு நமது பற்றாக்குறை 2022-23-இல் சுமார் 4,350 கோடி டாலராக உயர்ந்தது. அவ்வுடன்படிக்கையைத் திருத்தியமைக்க வேண்டும் என்று 2023-இல் இரு தரப்பாரும் இசைந்தார்கள். கையெழுத்திட்டுப் பதினான்கு வருஷம் கழித்துத் திருத்தப் பேச்சு! இடையில் நலிந்தவர்களுக்கு யார் ஈடு கொடுப்பது?

இலங்கையோடு 1998-இல் செய்து 2000-இல் அமலான உடன்படிக்கையின் கீழ், வியத்நாம் மிளகு இலங்கை வழியாக நமது சந்தையில் புகுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2017-ஆம் வருஷம் டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதிக்க நேர்ந்தது. சரக்கு பிறந்த இடத்தை நிரூபிக்கும் விதி தளர்ந்தால், யாரோடு ஒப்பந்தம் செய்தோம் என்பதற்கே அர்த்தமில்லாமற் போகும்.

அரூர்ப் பக்கத்து நிலக்கடலைக் குடியானவனுக்கு வேறோர் அனுபவம். பாமாயில் வரி உச்சவரம்புக்குள் நமது இஷ்டப்படி ஏற்றக் கூடியதாக இருப்பதால், 2024-ஆம் வருஷம் செப்டம்பரில் கச்சாப் பாமாயிலின் அடிப்படைத் தீர்வையைச் சூனியத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்த முடிந்தது. 2025-ஆம் வருஷம் மே மாதம் அதை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்தது சரியா தவறா என்று நாம் வாதிடலாம். சர்க்காரைக் கேள்வி கேட்கலாம். தேர்தலில் பதில் சொல்லலாம். கைகட்டப்பட்ட சர்க்காரைக் கேட்டு என்ன பயன்?

இன்னும் பழைய பாடமும் ஒன்று உண்டு. 1932-இல் ஒட்டாவா நகரில் செய்த ஏகாதிபத்தியச் சலுகை ஒப்பந்தம் பாரதத்தைப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சுங்க வேலிக்குள் நிறுத்திற்று. 1936-ஆம் வருஷம் மார்ச்சில் மத்திய சட்டசபை அதை முடிவுக்குக் கொண்டு வர வேண்டும் என்று தீர்மானித்தது. பிறகு 1939-இல் செய்த புதிய ஒப்பந்தத்தைச் சட்டசபை நிராகரித்தும் அந்நிய சர்க்கார் அதை அமல் செய்தது. எதில் சேருவது, எதை விட்டு விலகுவது என்ற உரிமைக்காக ஒரு தலைமுறை பாடுபட்டது. அவ்வுரிமை இன்று நம்மிடம் இருக்கிறது.

நமது முடிவு

ஆகவே இன்றுள்ள வடிவத்தில் அவ்வுடன்படிக்கையில் பாரதம் சேரக்கூடாது என்பது நமது அபிப்பிராயம். ஆனால் இத்தோடு பேனாவை வைத்துவிட்டால் நாமும் பாதி உண்மையே சொன்னவராவோம். சீனத்தோடு பற்றாக்குறை இரட்டிப்பை நெருங்கியிருப்பது எதைக் காட்டுகிறது? வேலி போட்டால் மட்டும் பயிர் விளையாது என்பதையே காட்டுகிறது. விலகியதன் நோக்கம் நமது கைத்தொழிலுக்கு மூச்சுவிட அவகாசம் தருவது. அவகாசம் கிடைத்தது, அதை நாம் எவ்வாறு செலவிட்டோம்?

தருமபுரி மண்ணிலுள்ள பாப்பாரப்பட்டியில் 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ந் தேதி உயிர் நீத்தவர் சுப்பிரமணிய சிவா. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு தோளோடு தோள் நின்ற வீரர் அவர். அவர்களுடைய சுதேசியம் துறைமுகத்தை மூடச் சொன்ன சுதேசியம் அன்று. அந்நியக் கப்பலுக்கு எதிரே நமது கப்பலை ஓட்டிக் காட்டிய சுதேசியம். அந்தக் கப்பல் இன்று எங்கே? கூடு விளையும் ஜில்லாவில் உயர்தர நூல் எடுக்கும் ஆலைகள் போதிய அளவில் உண்டா? கல்லை மெருகேற்றியே அனுப்பும் ஏற்பாடு உண்டா? காவிரியின் உபரி நீரை ஏரிகளுக்கு ஏற்றும் நெடுநாளைய கோரிக்கை நிறைவேறியதா? இவற்றைச் செய்யாமல் விலகி நின்றதை மட்டும் வீரமாகப் பேசுவது, கடனை ஒத்தி வைத்துவிட்டுத் தீர்த்துவிட்டதாகக் கருதுவதற்கு ஒப்பாகும்.

எக்காலத்திலேனும் மீண்டும் பேச உட்கார வேண்டுமானால், சில ஷரத்துக்களில் இம்மியும் விட்டுக் கொடுக்கலாகாது. கச்சாப் பட்டும், பட்டு நூலும், பால் பொருள்களும் முழுவதும் விலக்கப்பட வேண்டும். இறக்குமதி ஓர் அளவைத் தாண்டியவுடன் வரி தானாக உயரும் காப்பு, 2019-இல் நாம் கேட்டுக் கிடைக்காதது, எழுத்தில் இடம்பெற வேண்டும். வரிக் குறைப்பை 2014-ஆம் வருஷத்து விகிதத்திலிருந்து கணக்கிடும் பழைய நிபந்தனை கைவிடப்பட வேண்டும். சரக்கு பிறந்த தேசத்தை நிரூபிக்கும் விதி கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஜனங்களைக் கேளாமல் கையெழுத்திடலாகாது. அந்நிய தேசங்களோடு ஒப்பந்தம் செய்ய நமது அரசியல் சட்டப்படி பார்லிமெண்டின் முன் அனுமதி தேவையில்லை, மந்திரிசபையே செய்யலாம். விவசாயமோ ராஜ்ய சர்க்காரின் பொறுப்பு. பயிர் ஒருவர் பொறுப்பிலும், அதன் விலையைத் தீர்மானிக்கும் ஒப்பந்தம் மற்றொருவர் கையிலும் இருக்கின்றன. ஷரத்துக்களை ராஜ்ய சர்க்கார்களுக்கு முன்கூட்டி அனுப்பி, ஜில்லா தோறும் ஏற்படக் கூடிய லாப நஷ்டத்தை ஆராய்ந்து, பார்லிமெண்டில் விவாதம் நடத்திய பின்பே கையெழுத்து என்ற முறை ஏற்பட வேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கூடும் கிராம சபைகளில் சாலையையும் விளக்கையும் பற்றிப் பேசும்போது பட்டுக்கூட்டின் விலையையும் பாலின் விலையையும் பற்றிப் பேசுங்கள். சுங்கவரி என்பது துறைமுகத்து உத்தியோகஸ்தர்களின் விஷயம் என்று ஜனங்கள் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது பென்னாகரத்துப் புழு மனையின் விஷயம் என்று விளக்கிக் கூறுங்கள். பட்டு வளர்ப்போர் சங்கமும் பால் உற்பத்தியாளர் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஒரே பந்தலில் கூடிப் பேசட்டும். ஒருவருடைய மலிவு மற்றொருவருடைய பட்டினியாகாத வழியை அவர்களே காண்பார்கள். வோட்டுக் கேட்டு வருவோரிடம் இவ்விஷயத்தில் அவருடைய கட்சி என்ன சொல்கிறது என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

வாயில் நமக்காகத் திறந்திருக்கிறது. அதனுள் நுழைய அவசரம் ஒன்றுமில்லை. நுழைகிற நாள் வருமானால், அன்று தருமபுரிக் குடியானவன் தன் கூட்டுக்கும் பாலுக்கும் விலை சொல்லும் வலிமையோடு நம்முடன் நுழைய வேண்டும். அவ்வலிமையை உண்டாக்குவதே இன்றைய வேலை.